சிவந்தும் கருகாத கம்பி

காலை நேரத்தில் ரொட்டி வாட்டும் கருவியை இயக்கியதும் அதனுள் இருக்கும் கம்பிகள் மெல்லச் சிவந்து ஒளிர்கின்றன. அதே வேளையில், சுவரிலிருந்து அக்கருவிக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் அதில் சூடு தெரிவதில்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். அப்படியிருக்க, ஒன்று மட்டும் ஏன் சிவக்கிறது? நாள்தோறும் சிவந்து அடங்கும் அந்தக் கம்பி, ஆண்டுக்கணக்கில் கருகிப் போகாமல் இருப்பது எப்படி?

இந்த இரண்டு கேள்விகளும் சமையலறையோடு நின்றுவிடுவதில்லை. எஃகுக் கருவிகளைக் கடினப்படுத்தும் உலை, பீங்கான் பாத்திரங்களைச் சுடும் சூளை, கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கன் தகடுகளை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பதப்படுத்தும் உலை, பல் மருத்துவத்தில் பயன்படும் சிர்க்கோனியா பற்களை ஏறத்தாழ 1500 டிகிரியில் இறுக வைக்கும் சிற்றுலை என இன்றைய தொழில்துறையில் மின்னுலைகள் பல. இவற்றின் உள்ளே நெருப்பு இல்லை. விறகோ எண்ணெயோ எரிவாயுவோ எரிவதில்லை. சிவந்த கம்பிகளும் கோல்களுமே வெப்பம் முழுவதையும் தருகின்றன. இவற்றை வெப்பமூட்டிகள் என்பர். உலைக்குள் இருக்கும் பொருள் சில மணி நேரம் மட்டுமே வெப்பத்தைத் தாங்கினால் போதும். வெப்பமூட்டியோ அதைவிடக் கூடுதலான வெப்பத்தை ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கியாக வேண்டும்.

தடையில் பிறக்கும் வெப்பம்

உலோகத்தில் மின்சாரம் பாய்வது என்பது அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒரு திசையில் நகர்வதாகும். அவ்வாறு நகரும்போது அவை உலோக அணுக்களால் தடைபடுகின்றன. இந்தத் தடையைக் கடப்பதற்குச் செலவாகும் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் மின்தடைக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கிறது என்னும் விதியை, இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் என்னும் அறிவியலாளர் 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

வீட்டு மின்கம்பிகள் செம்பால் ஆனவை. தூய செம்பில் அணுக்கள் ஒரே அளவில், ஒழுங்கான வரிசையில் அமைந்துள்ளன. ஆகவே, எலெக்ட்ரான்கள் எளிதாகக் கடந்து செல்கின்றன. ரொட்டி வாட்டும் கருவியில் உள்ளதோ நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவை. இரு வகை அணுக்கள் கலந்து கிடப்பதால் எலெக்ட்ரான்களின் பாதை கரடுமுரடாகிறது. ஒரே நீளமும் தடிமனும் கொண்ட செம்புக் கம்பியைவிட இந்தக் கலவைக் கம்பிக்கு 60 மடங்குக்கும் மேலான மின்தடை உண்டு. ஒரே மின்னோட்டம் பாய்ந்தாலும், ஒன்று குளிர்ந்திருக்க மற்றொன்று சிவப்பது இதனால்தான். முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

உருகுநிலை மட்டும் போதாது

இரண்டாவது கேள்வி இன்னும் சுவையானது. மிகுந்த வெப்பத்தைத் தாங்க வேண்டுமானால், எளிதில் உருகாத உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பர். ஆனால், இரும்பு 1538 டிகிரியில்தான் உருகும்; நிக்கல் குரோமியக் கலவையோ ஏறத்தாழ 1400 டிகிரியிலேயே உருகிவிடும். அவ்வாறிருந்தும், 1000 டிகிரி வெப்பத்தில் இரும்புக் கம்பி விரைவில் வீணாகிறது. கலவைக் கம்பி நெடுநாள் உழைக்கிறது. டங்ஸ்டன் என்னும் உலோகம் 3422 டிகிரி வரை உருகாது. எனினும், அதைத் திறந்த காற்றில் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினால் விரைவில் அழிந்துபோகும். ஆகவே, வெப்பமூட்டியின் உண்மையான பகை வெப்பம் மட்டுமன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதற்குப் பகையாகும்.

கொல்லன் பட்டறையில் இதைக் கண்கூடாகக் காணலாம். உலையில் சிவந்த இரும்பைப் பட்டடைக்கல்லின் மேல் வைத்து அடிக்கும்போது கரிய செதிள்கள் உதிர்கின்றன. அவை இரும்பு ஆக்சைடு. இரும்பின் மேல் உண்டாகும் இந்தப் படலம் விரிசல் விட்டு உதிர்ந்துவிடுவதால், அடியிலுள்ள புதிய இரும்பை மீண்டும் ஆக்சிஜன் தாக்குகிறது. இவ்வாறு அடுக்கடுக்காகத் தின்னப்பட்டு, இறுதியில் கம்பி அறுந்துபோகும். பொன்னைப் போல ஆக்சிஜனோடு எளிதில் சேராத பிளாட்டினம் என்னும் உலோகம் இதற்குத் தீர்வாக இருந்தது. ஆய்வுக்கூடங்களின் சிற்றுலைகளில் பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தினர். அதன் விலையோ தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது.

தன்னைத் தானே போர்த்திக்கொள்ளும் உலோகம்

அமெரிக்க உலோகவியலாளரான ஆல்பர்ட் மார்ஷ் இந்தச் சிக்கலுக்கு விடை கண்டார். 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்த கலவை சிவக்கச் சூடாகியும் கெடாமல் இருப்பதை அவர் கண்டறிந்தார். அதற்கான காப்புரிமை அவருக்கு 1906ஆம் ஆண்டில் கிடைத்தது. நிக்ரோம் என்னும் பெயரால் இக்கலவை இன்று அறியப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மின்சார ரொட்டி வாட்டிகளும் பிற சூடேற்றும் கருவிகளும் கடைகளில் விற்பனைக்கு வந்தன.

நிக்ரோமும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. ஆனால், அதில் முந்திக்கொள்வது குரோமியம். அது கம்பியின் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலத்தை உருவாக்குகிறது. தலைமுடியைவிட மெல்லிய அந்தப் படலம் இரும்பின் செதிளைப் போல எளிதில் உதிர்வதில்லை. கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, ஆக்சிஜன் உள்ளே புகாதவாறு தடுக்கிறது. ஓரிடத்தில் கீறல் விழுந்தால், கம்பியின் உட்பகுதியிலுள்ள குரோமியம் அங்கு வந்து சேர்ந்து புதிய படலத்தை உருவாக்குகிறது. நமது தோலில் ஏற்படும் சிறு காயம் தானே ஆறுவது போன்றது இது. எந்த ஆக்சிஜன் கம்பியை அழிக்க வந்ததோ, அதே ஆக்சிஜனைக் கொண்டே கம்பி தனக்குக் கவசம் செய்துகொள்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடையும் இதுவே.

இந்த ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு முறை காயம் ஆறும்போதும் உள்ளிருக்கும் குரோமியம் சிறிது செலவாகிறது. அது வங்கியில் உள்ள சேமிப்பைப் போன்றது. சேமிப்பு தீர்ந்தால் கவசத்தைப் புதுப்பிக்க முடியாது. கம்பியின் ஆயுளும் முடிந்துவிடும்.

மாணிக்கத்தின் உறவினர்

நிக்ரோம் கம்பி ஏறத்தாழ 1200 டிகிரி வரையே தாங்கும். அதற்கு மேல் செல்ல விரும்பியவர்களுக்கு வழி காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த பொறியாளர் ஹான்ஸ் வான் கான்ட்சோ. 1920களில் அவர் இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் புதிய கலவையை உருவாக்கினார். அதில் ஏறத்தாழ 22 விழுக்காடு குரோமியமும் 5 விழுக்காட்டை ஒட்டிய அலுமினியமும் இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் இரும்பே. கான்ட்சோவின் பெயரையும் ஹல்ஸ்டாஹாமர் என்னும் அவரது ஊரின் பெயரையும் இணைத்து அதற்குக் கான்தால் என்று பெயரிட்டனர்.

எளிதில் துருப்பிடிக்கும் இரும்பே இங்கு மிகுதி. ஆயினும், இதன் மேற்பரப்பில் உருவாவது அலுமினியம் ஆக்சைடு படலம். மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே அலுமினியம் ஆக்சைடுதான். அத்தகைய உறுதியான போர்வை கிடைத்ததால், இக்கலவையின் சிறந்த வகைகள் 1400 டிகிரி வரை தாங்குகின்றன. விலை உயர்ந்த நிக்கல் தேவைப்படாததும் இதன் சிறப்பு.

ஆனால், எல்லா நன்மைகளும் ஒரே பொருளில் அமைவதில்லை. இக்கலவை உயர்ந்த வெப்பத்தில் தளர்ந்து, தன் எடையாலேயே தொய்ந்துவிடும். ஒருமுறை நன்கு சூடாகி ஆறிய பின்னர், அதன் உள்ளமைப்பில் மணிகள் பெரிதாகிவிடுவதால், வளைத்தால் ஒடிந்துவிடும். நிக்ரோம் அவ்வாறன்று, சூட்டிலும் ஓரளவு உறுதியாக நிற்கும், ஆறிய பிறகும் வளையும். எனவே, எந்த வெப்பநிலை, என்ன வடிவம், எத்தகைய தாங்கி ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே பொறியாளர் கலவையைத் தேர்ந்தெடுக்கிறார்.

உலோகம் அல்லாத கோல்கள்

1400 டிகிரிக்கு மேல் செல்லும் உலைகளில் கம்பிகளுக்குப் பதிலாகக் கோல்களைக் காணலாம். அவற்றுள் ஒன்று சிலிக்கன் கார்பைடு. அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் 1891ஆம் ஆண்டில் மின்னுலை ஒன்றில் இதனை உருவாக்கினார். மணல்தாளில் தேய்ப்புப் பொருளாகப் பயன்படும் இதே பொருளைக் கோலாக வார்த்து மின்சாரம் பாய்ச்சினால், உலையை 1500 டிகிரிக்கும் மேல் சூடாக்கலாம். இதற்குப் போர்வையாக அமைவது சிலிக்கா. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள பொருள் அது.

சிலிக்கன் கார்பைடு கோல்களுக்கு முதுமை வெளிப்படையாகத் தெரியும். நாள் ஆக ஆக அவற்றின் மின்தடை கூடிக்கொண்டே போகும். மின்தடை நான்கு மடங்கானால், பழைய அளவு வெப்பத்தைப் பெற மின்னழுத்தத்தை இரு மடங்காக்க வேண்டும். ஆகவே, இத்தகைய உலைகளுக்குத் தொடக்கத்திலேயே மின்னழுத்தத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய மின்மாற்றியைப் பொருத்துகின்றனர். ஒரு கோல் உடைந்தால் அதன் இடத்தில் புதிய கோலை மட்டும் வைப்பதும் சரியன்று. பழைய கோல்களோடு பக்க இணைப்பில் இருக்கும் புதிய கோலின் மின்தடை குறைவு என்பதால், மின்னோட்டத்தின் பெரும்பகுதி அதன் வழியே பாய்ந்து அதை விரைவில் கெடுத்துவிடும். எனவே, ஒத்த மின்தடை கொண்ட கோல்களையே ஒரு குழுவாகச் சேர்த்துப் பொருத்துவர்.

இன்னொன்று மாலிப்டினம் டைசிலிசைடு. 1950களில் புழக்கத்திற்கு வந்த இந்த வெப்பமூட்டி காற்றிலேயே 1800 டிகிரியைத் தொடக்கூடியது. இதன் மேலும் கண்ணாடி போன்ற சிலிக்கா படலம் படர்ந்து காக்கிறது. குளிர்ந்த நிலையில் பீங்கானைப் போல எளிதில் உடையும். நன்கு சூடானதும் மென்மையாகி வளையும். ஆகவே, ஊசிக்கொண்டை போன்ற வடிவில் செய்து உலையின் கூரையிலிருந்து தொங்கவிடுகின்றனர். அப்போது அதன் எடையே அதை நேராக நிறுத்திவிடுகிறது. குளிர்ந்திருக்கும்போது இதன் மின்தடை மிகக் குறைவு. சூடாக ஆகப் பல மடங்கு கூடும். தொடக்கத்திலேயே முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும். எனவே, குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுகின்றனர்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. 1800 டிகிரியில் அஞ்சாத இப்பொருள், 500 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் நெடுநேரம் இருந்தால் தூளாக உதிரக்கூடும். அந்த வெப்பநிலையில் காக்கும் கண்ணாடிப் படலம் சரியாக உருவாவதில்லை. அதனால், அந்த நிலையை உலை விரைவாகக் கடந்துவிடுமாறு பார்த்துக்கொள்கின்றனர்.

காற்றே இல்லாத உலையில் நிலைமை தலைகீழாகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் கவசமும் வேண்டியதில்லை. அங்கே மாலிப்டினம், டங்ஸ்டன், பென்சிலின் எழுதுபொருளான கிராஃபைட் ஆகியவற்றைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். அவற்றைக் கொண்டு 2000 டிகிரிக்கு மேலும் செல்ல முடியும். ஆனால், உலை சூடாக இருக்கும்போது சிறு கசிவின் வழியே காற்று புகுந்தாலும் அவை கெட்டுவிடும்.

தடிமனும் நீளமும்

நல்ல பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. அதை எந்த அளவில் செய்வது என்பதே வடிவமைப்பின் உயிர்நாடி. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும்.

230 வோல்ட் மின்னழுத்தத்தில் 2300 வாட் வெப்பம் தரும் வெப்பமூட்டி ஒன்று தேவை என்று கொள்வோம். 2300ஐ 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் 10 ஆம்பியர். 230ஐ 10ஆல் வகுத்தால் மின்தடை 23 ஓம். இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவையில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியை எடுத்தால், ஏறக்குறைய 12.5 மீட்டர் நீளம் இந்த மின்தடையைத் தரும். விட்டத்தை 2 மில்லிமீட்டர் ஆக்கினால் கம்பியின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே, அதே மின்தடைக்கு நீளமும் நான்கு மடங்கு வேண்டும். அதாவது ஏறக்குறைய 50 மீட்டர்.

இரண்டு கம்பிகளும் தருவது அதே 2300 வாட்தான். ஆனால், அந்த வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு வேறுபடுகிறது. மெல்லிய கம்பியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 6 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியுள்ளது. தடித்த கம்பியின் மேற்பரப்பு எட்டு மடங்கு பெரிது என்பதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் வாட் அளவே போதும். இதனை மேற்பரப்புச் சுமை என்பர். ஒரே மூட்டையை ஒருவர் சுமப்பதற்கும் எட்டுப் பேர் பகிர்ந்து சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. சுமை கூடினால் கம்பி உலையைவிட மிகவும் சூடாகும். அதன் ஆயுள் குறையும். மேலும், தடித்த கம்பிக்குள் கவசத்தைப் புதுப்பிக்கும் அலுமினியச் சேமிப்பும் மிகுதியாக இருக்கும்.

அப்படியானால் எப்போதும் தடித்த கம்பியையே பயன்படுத்தலாமே? அங்குதான் சிக்கல். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் உலோகத்தின் எடை 16 மடங்காகிறது. 50 மீட்டர்க் கம்பியைச் சிறிய உலைக்குள் அடக்குவதும் எளிதன்று. விலை, இடம், ஆயுள் ஆகிய மூன்றுக்கும் நடுவே பொறியாளர் சமநிலை காண்கிறார். கம்பியைச் சுருளாகச் சுற்றி வெப்பம் தாங்கும் கல்லின் பள்ளங்களில் பதிக்கிறார். அல்லது பட்டையாக்கி அலை போல மடித்துச் சுவரில் தொங்கவிடுகிறார். சுருளின் சுற்றுகள் நெருங்கியிருந்தால் ஒன்றையொன்று சுடும். அதனால், அவற்றுக்கிடையே போதிய இடைவெளி விடுகிறார். உலைச்சுவரைக் கடந்து வெளியே வரும் முனைகளை மட்டும் தடிமனாக்கி, மின்தடையைக் குறைத்து, சுவர் சூடாகாமல் பார்த்துக்கொள்கிறார்.

கம்பி ஏன் அறுகிறது?

இவ்வளவு கவனத்தோடு செய்த கம்பியும் ஒருநாள் அறுகிறது. பெரும்பாலும் அந்த அழிவு ஒரு சிறு புள்ளியில் தொடங்குகிறது. ஏதோ ஒரு காரணத்தால் ஓரிடம் சற்று மெலிந்துவிட்டால், அங்கு மின்தடை கூடும். கூடிய மின்தடை கூடுதல் வெப்பத்தைத் தரும். கூடுதல் வெப்பத்தில் ஆக்சிஜன் விரைந்து தின்னும். அதனால் அவ்விடம் மேலும் மெலியும். இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்த்துச் செல்ல, இறுதியில் அந்தப் புள்ளி உருகி அறுந்துவிடும்.

மெலிவுக்குப் பல காரணங்கள் உண்டு. அடிக்கடி சூடாகி ஆறும்போது உலோகமும் அதன் போர்வையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. போர்வையில் விரிசல் விழுகிறது. அதனால், இடைவிடாமல் எரியும் உலையைவிட அடிக்கடி அணைத்து ஏற்றும் உலையில் கம்பி விரைவில் தேயக்கூடும். உலைக்குள் வைக்கும் பொருள்களிலிருந்து எழும் ஆவிகளும் தீங்கு செய்யும். கந்தகம் நிக்கலோடு சேர்ந்து, குறைந்த வெப்பத்திலேயே உருகும் சேர்மமாகிவிடும். குளோரின் கலந்த வளிமமும் உப்புகளும் அலுமினியம் ஆக்சைடு கவசத்தைத் தாக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு பொருள்களை உலைக்குள் வைப்பதும் நல்லதன்று.

பெரிய உலை ஒன்றில் வெப்பமூட்டி அறுந்தால் இழப்பு அந்தக் கம்பியின் விலையோடு முடிவதில்லை. பாதியில் வெப்பம் குறைந்த பீங்கான்கள் வீணாகலாம். பதப்படுத்திய எஃகு தரம் குன்றலாம். உலை முழுவதும் ஆறும்வரை பழுது பார்க்கவும் முடியாது. மின்சாரத்தைத் துண்டித்து, அது மீண்டும் இணைக்கப்படாதவாறு பூட்டிவிட்டுத்தான் தொழில்நுட்பர் உள்ளே கை வைக்க வேண்டும். ஆகவே, கம்பி அறுந்த பிறகு வருந்துவதைவிட, மின்தடையைக் குறித்த காலத்தில் அளந்து பதிவு செய்து, தேய்வை முன்கூட்டியே அறிவது சிறந்த பழக்கமாகும்.

புகையில்லா வெப்பம்

உலகின் பல தொழிற்சாலைகள் இன்றும் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே உயர்ந்த வெப்பத்தைப் பெறுகின்றன. அவற்றிலிருந்து வெளியாகும் கரியமில வாயு புவி வெப்பமடையக் காரணமாகிறது. மின்னுலை இருக்கும் இடத்தில் புகை எழுவதில்லை. அதற்கான மின்சாரம் சூரியன், நீர், காற்று ஆகியவற்றிலிருந்து கிடைத்தால், மின்நிலையத்திலும் புகை எழாது. அந்த மாற்றத்தின் வேகம், நெடுநாள் உழைக்கும் வெப்பமூட்டிகளை எவ்வளவு மலிவாகச் செய்ய முடியும் என்பதையும் பொறுத்திருக்கிறது.

அடுத்த முறை ரொட்டி வாட்டும் கருவியில் கம்பி சிவப்பதைக் காணும்போது, அதன் மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய போர்வை ஒன்று இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். 1000 டிகிரியைத் தாண்டும் உலைகளில் எஃகையும் பீங்கானையும் உருவாக்கும் கம்பிகளையும் கோல்களையும் காத்து நிற்பது அத்தகைய போர்வையே.